ஏரிக்கரைக்கு எந்த சார்ஜர் வேண்டும்?

சென்னையிலிருந்து நெல்லூர், விஜயவாடா என்று மின்சாரக் காரில் கிளம்புகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்கள் போகிற தேசிய நெடுஞ்சாலை 16, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை என்று பழவேற்காடு ஏரிக்கு மேற்கே நீள்கிறது. 2022இல் சென்னை–திருச்சி–மதுரை சாலையில் பாரத் பெட்ரோலியம் தன் முதல் விரைவு சார்ஜிங் வழித்தடத்தைத் திறந்தபோது, இதெல்லாம் தெற்கே போகிறவர்களுக்கான வசதி என்றே பலரும் நினைத்தார்கள். இன்று நிலைமை வேறு. மத்திய அரசின் ‘பிஎம் இ-டிரைவ்’ திட்டத்தில் பொது சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். கார்களுக்கு மட்டுமே 22,100 விரைவு சார்ஜர்கள் வைப்பது இலக்கு.

இந்த வேகம் நெடுஞ்சாலையோடு நிற்காது. பொன்னேரியிலிருந்து இருபது கிலோமீட்டர் உள்ளே வந்தால் பழவேற்காடு. ஞாயிற்றுக்கிழமையில் டச்சுக் கல்லறையைப் பார்க்கவும், பூநாரை சீசனில் பறவை பார்க்கவும், நண்டும் இறாலும் சாப்பிடவும் வருகிற கார்களில் மின்சாரக் கார்களும் இருக்கின்றன. இங்கே ஒரு சார்ஜர் வைத்தால் என்ன என்ற யோசனை யாருக்காவது வரத்தான் செய்யும். அதற்கு முன்பே இங்குள்ள கோட்டைக்குப்பத்துக்காரர்களும் லைட் ஹவுஸ் குப்பத்துக்காரர்களும் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரைவு சார்ஜருக்கு உரிய இடம் நெடுஞ்சாலை, மிஞ்சினால் பொன்னேரி. ஏரிக்கரைக்கு மெதுவான சார்ஜரே போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து இங்கே வந்து திரும்ப ஏறக்குறைய 120 கிலோமீட்டர். வருகிறவர் நான்கு மணி நேரமாவது இருப்பார். 7.4 கிலோவாட் சார்ஜரில் நான்கு மணி நேரத்தில் 29 யூனிட் ஏறும். யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 170 கிலோமீட்டருக்கு மேல் ஓடலாம். வந்து திரும்ப இதுவே தாராளம்.

விரைவு சார்ஜர் கேட்கிற மின்சாரமோ வேறு அளவு. கிராமத்துத் தெருக்களில் 63 கேவிஏ, 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர்கள் சாதாரணம். 60 கிலோவாட் சார்ஜர் முழு வேகத்தில் ஓடினால், 63 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் திறன் ஏறக்குறைய முழுவதும் ஒரே காருக்குப் போய்விடும். அந்த நேரத்தில் ஐஸ் கம்பெனியில் வோல்டேஜ் குறையும், இறால் வைத்திருக்கிற வீட்டு ஃப்ரீசர் இழுக்க முடியாமல் முனகும், மோட்டார் எரியும். நஷ்டம் அன்றைய மீனைப் பிடித்தவருக்கு. ஆகவே உங்கள் ஊரில் விரைவு சார்ஜர் வருகிறது என்று காதில் விழுந்தால், அதற்குத் தனி டிரான்ஸ்பார்மர் போடுகிறார்களா என்று ஈ.பி. ஆபீசில் எழுத்தில் கேளுங்கள். வோல்டேஜ் குறைந்தால் மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 42 இந்த இரண்டு படிகளையும் நமக்குக் கொடுத்திருக்கிறது.

அடுத்தது வீட்டு பிளக். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். “அண்ணே, கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுக்கட்டுமா, காசு தந்திடறேன்” என்று கேட்கிற வெளியூர்க்காரருக்கு நல்ல மனசோடு ஒயரை நீட்டிவிடுகிற வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. உங்கள் சொந்த வண்டியை உங்கள் வீட்டு இணைப்பில் சார்ஜ் செய்ய முழு உரிமை உண்டு. சார்ஜிங் நிலையம் நடத்த லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018இலேயே தெளிவாக்கிவிட்டது. ஆனால் வீட்டுக் கட்டண இணைப்பிலிருந்து காசு வாங்கிக்கொண்டு பிறர் காருக்கு சார்ஜ் கொடுத்தால், அதை அனுமதியில்லாத பயன்பாடு என்று பிரிவு 126இன் கீழ் எடுக்கலாம். உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வசூலிப்பார்கள். எப்போதிலிருந்து நடக்கிறது என்று கண்டறிய முடியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போடுவார்கள். சில நூறு ரூபாய்க்காக அந்தச் சுமை வேண்டாம்.

அப்படி நோட்டீஸ் வந்துவிட்டால் பயந்துபோய் அன்றே பணம் கட்ட ஓடாதீர்கள். முதலில் வருவது தற்காலிக மதிப்பீடு. அதற்கு எழுத்தில் மறுப்புச் சொல்லவும், நேரில் விளக்கம் தரவும் உங்களுக்கு உரிமை உண்டு. இறுதி உத்தரவும் பாதகமாக வந்தால், பிரிவு 127இன்படி 30 நாளுக்குள் பாதித் தொகையைக் கட்டி மேல்முறையீடு செய்யலாம். நாள் தவறினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

சார்ஜ் கொடுத்துச் சம்பாதிக்க நினைக்கிற மகளிர் குழுவுக்கோ, ஊர்க் கடைக்காரருக்கோ நேர்வழி இருக்கிறது. மின்சார வாகன சார்ஜிங்குக்கென்று தனி இணைப்பு கேட்கலாம். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024இல் செய்த திருத்தம் இந்த உரிமையைத் தருகிறது. கிராமப்புறத்தில் புதிய இணைப்பு கொடுக்க 15 நாள்தான் கெடு. மத்திய அரசின் 2024 வழிகாட்டு நெறிமுறைகள் இந்த நிலையங்களுக்கான மின்கட்டணம், காலை 9 முதல் மாலை 4 வரையான சூரிய மின்சார நேரத்தில் சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் இருக்க வேண்டும் என்கின்றன. பகலில் வந்து போகிற சுற்றுலாவுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

உப்புக்கு வருவோம். நெடுஞ்சாலையில் இல்லாத ஆபத்து இது. இங்கே காற்றிலேயே உப்பு. எர்த் கம்பி மணலுக்கடியில் துருப்பிடித்து இற்றுப்போவது மேலே தெரியாது. சார்ஜிங் துப்பாக்கியின் முனைகளில் பச்சையாகக் களிம்பு படிந்திருந்தாலோ, பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருந்தாலோ அதைத் தொடாதீர்கள். மழைத் தூறலைத் தாங்கும்படி செய்த பெட்டி, தண்ணீரில் மூழ்கினால் தாங்காது. முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறி வருகிற நாளிலும், புயல் எச்சரிக்கை வந்த நாளிலும் சார்ஜரின் மெயினை அணைத்துவிட வேண்டும்.

2022இல் இயான் புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்கியபோது கடல்நீரில் மூழ்கிய மின்சார வாகனங்கள் சில, தண்ணீர் வடிந்து நாள் பல கழிந்தபின் தீப்பிடித்தன. பேட்டரிக்குள் புகுந்த உப்பு காய்ந்த பிறகும் மின்சாரத்தைக் கடத்தும் பாதையாக உள்ளே இருந்துவிடுகிறது. நின்ற இடத்தில், யாரும் தொடாமலே, ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். 2004 சுனாமியையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தையும் பார்த்த கரை இது. கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் காரையோ, ஸ்கூட்டரையோ, ஈ-ஆட்டோவையோ சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். வீடு, குடிசை, நைலான் வலை, டீசல் கேன் இவற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி வெட்டவெளியில் நிறுத்தச் சொல்லி, கம்பெனி சர்வீஸ் ஆளை வரவழையுங்கள். புகையோ சீறல் சத்தமோ வந்தால் விலகி நின்று 112க்கு அழைத்து, மின்சார வண்டி என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்திலும் இது முக்கியம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது. சொந்தச் சேதத்துக்கான காப்பீடும் வேண்டும். மூழ்கிய வண்டியை நீங்களே இயக்கிப் பார்த்தீர்கள் என்று தெரிந்தால், அதனால் வந்த சேதம் என்று சொல்லிக் கம்பெனி கையை விரிக்கலாம். நின்ற நிலையிலேயே படமெடுத்துத் தகவல் கொடுங்கள். மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.

பயணம் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: கிளம்பும் முன் எரிசக்தித் திறன் பணியகத்தின் ‘ஈவி யாத்ரா’ செயலியில் நிலையங்களைப் பார்த்துக்கொண்டு, அருகில் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சார்ஜ் தொடங்கும்போதும் முடியும்போதும் திரையைப் படமெடுங்கள். பில்லில் மின்கட்டணம், சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி எவ்வளவு என்று பாருங்கள். பணம் பிடித்துவிட்டுச் சார்ஜ் ஏறவில்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆந்திராவில் நடந்த குறைக்கும் நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு வருடம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை.

கடைசியாக நிலம். வலை காயப்போடுகிற மணல்திட்டு, படகு ஏற்றுகிற கரை, கருவாடு உலர்த்துகிற களம் பலவும் கணக்கில் வெறும் புறம்போக்கு. ‘பாடு’ முறைப்படி யார் எங்கே எந்நாளில் வலை விட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக ஒழுங்கு வைத்திருக்கிற ஊர்களின் வாழ்வு அந்தக் கரையில்தான் நிற்கிறது. ஆனால் அது யாருடைய பட்டாவிலும் இல்லை. அரசு நிலத்தைச் சார்ஜிங் நிலையத்துக்கு வருவாய்ப் பங்கு அடிப்படையில் கொடுக்க மத்திய நெறிமுறைகள் வழி செய்கின்றன. நல்ல நோக்கம்தான். காலியாகக் கிடக்கிறது என்று ஆபீசில் ஒருவர் குறித்துவிட்டால் களம் போய்விடும் என்பதே என் பயம்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, சேற்றுத்திட்டுகளையும் பறவைகள் கூடு கட்டும் இடங்களையும் மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வைக்கிறது. கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் குறைந்தது மூன்று பேர் இடம்பெற வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் மாவட்டக் குழுவில் அந்த மூவர் யார் என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அனுமதியில்லாமல் கான்கிரீட் போடத் தொடங்கிவிட்டால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே போக வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. வலைக்களம், படகுத்துறை, கருவாட்டுக் களம் ஒவ்வொன்றையும் சர்வே எண்ணோடு தீர்மானத்தில் எழுத வையுங்கள். பெண்கள் கருவாடு போடுகிற இடத்தைப் பெண்களே எழுந்து சொல்லட்டும், அது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். சார்ஜர் வருவதானால் சாலையோரத்தில், களத்துக்கு வெளியே, தனி டிரான்ஸ்பார்மரோடு என்பதையும் அதே தீர்மானத்தில் சேருங்கள். நகலை ஊராட்சிச் செயலாளரிடம் கேட்டு வாங்கி, ஒன்றைத் தாசில்தாருக்கும் ஒன்றை மீன்வளத் துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை ஊர்ப் பஞ்சாயத்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.