விண்மீன் ஒளியில் உயிர்பெறும் பறவைகள்

ஆந்தை முகம் கொண்ட ஓர் உருவம் மேசை முன் அமர்ந்து பறவைகளை வரைகிறது. கையிலுள்ள முக்கோணக் கண்ணாடி, சன்னல் வழியே வரும் விண்மீன் ஒளியைத் தாளின் மேல் பாய்ச்சுகிறது. ஒளி பட்ட பறவைகள் உயிர்பெற்றுப் பறந்து செல்கின்றன. அருகே கண்ணாடிக் குடுவைகள் கொண்ட கருவியொன்று வண்ணங்களை வடித்துத் தருகிறது.

ரெமெடியோஸ் வாரோ 1957ஆம் ஆண்டு தீட்டிய 'பறவைகளைப் படைத்தல்' எனும் ஓவியம் இது.

இதை வெறும் கனவு என்று தள்ளிவிட முடியாது. 1908இல் ஸ்பெயினில் பிறந்த வாரோவின் தந்தை நீர்ப்பாசனம் போன்ற துறைகளைச் சார்ந்த பொறியியலாளர். தொழில்நுட்ப வரைபடங்களை வரைய மகளுக்குச் சிறு வயதிலேயே பயிற்சி தந்தவர் அவரே. வாரோவின் விந்தைக் கருவிகளில்கூடச் சக்கரமும் கப்பியும் கயிறும் வேலை செய்யக் கூடியவை போலவே தோன்றுவது அதனால்தான்.

ஜெர்மானியப் படை பாரிஸைப் பிடித்தபின், 1941இல் அவர் மெக்சிகோவில் அடைக்கலம் புகுந்தார். அங்கு முதலில் பிழைப்பு; ஓவியமெல்லாம் பிறகுதான். 1940களின் இறுதியில் வெனிசுவேலாவின் மலேரியா ஒழிப்புப் பணிக்காக, நோய் பரப்பும் பூச்சிகளை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தார். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால், அந்தக் கூர்மை பின்னர் அவர் ஓவியங்களில் எங்கும் தெரிகிறது.

முதல் தனிக் கண்காட்சி 1956இல்தான் அமைந்தது.

யூரி ககாரின் விண்வெளி சென்று ஈராண்டுக்குப் பின், 1963இல் 'எடையின்மை நிகழ்வு' என்ற ஓவியத்தை வரைந்தார். அதில் பூமி உருண்டை தாங்கியை விட்டு மிதக்கிறது. அறையே சாய்கிறது. வானியல் அறிஞரின் ஒரு கால் ஒரு வெளியிலும் மறுகால் வேறொரு வெளியிலும் நிற்கின்றன.

அதே ஆண்டு அக்டோபரில் வாரோ மாரடைப்பால் காலமானார். வயது 54.