சங்கு வளையல்

சங்கு வளையல் என்பது கடற்சங்கை வளையம் வளையமாக அறுத்து, இழைத்து, செதுக்கிச் செய்யப்படும் கையணி ஆகும். இதற்குப் பயன்படும் வெண்சங்கு மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிக் கரையில் மிகுதியாகக் கிடைக்கிறது. ஆனால் அணிவோரில் பெரும்பாலோர் வங்காளத்துப் பெண்கள்.

பழந்தமிழில் 'வளை' என்ற ஒரே சொல் சங்கையும் வளையலையும் குறித்தது. அகநானூற்றின் 24ஆம் பாடலில், வளையல்களை அறுத்தெடுத்தபின் எஞ்சும் சங்கின் நுனி, விரியாத பகன்றை மொட்டுக்கு உவமையாகிறது. பட்டறைக் கழிவைக் கண்ணால் கண்டவரே இப்படி எழுத முடியும். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் கொற்கையில் நடத்திய அகழாய்வில் அறுபட்ட சங்குகள் கிடைத்தன. கீழடியிலும் அழகன்குளத்திலும் சங்கு வளையல் துண்டுகள் வெளிப்பட்டன. எனவே ஒரு காலத்தில் சங்கை எடுத்த கரையிலேயே வளையலும் அறுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

சங்கு எடுத்தல்

முத்துச்சிப்பி கடலடிப் பாறைகளான 'பார்'களில் ஒட்டி வாழும். சங்கு மணற்பரப்பில் வாழ்ந்து புழுக்களைத் தின்னும். குளிப்போர் அத்தகைய இடத்தைப் 'பூச்சிமணல்' என்பர். அது இடும் முட்டைக் கூட்டுக்குச் 'சங்குப்பூ' என்று பெயர். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது, சங்குகுளித்தல் நிற்கவில்லை. திரேஸ்புரம் போன்ற பகுதிகளின் தொழிலாளர் இன்றும் நாட்டுப்படகில் சென்று மூழ்குகின்றனர். மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள பெரியதாழை வரை நீளும் இக்கரையில் வலைகளிலும் சங்கு ஏறுவதுண்டு.

பிரிட்டிஷ் ஆட்சியில் சங்கு அரசின் தனியுரிமையாக இருந்தது. எடுத்ததை அரசிடமே கொடுத்துக் குளிப்போர் விலை பெற்றனர். குறிப்பிட்ட அளவுக்குச் சிறியவற்றைக் கடலிலேயே விட வேண்டும் என்பது அக்கால விதி. மீன்வளத்துறை அறிஞர் ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இத்தொழில் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

முன்பு மூச்சடக்கி மூழ்கியவர்கள் இப்போது படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்றைப் பெறுகின்றனர். இதனால் ஆழத்தில் நெடுநேரம் இருக்க முடிகிறது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. நீரழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், விரைவாக மேலே வரும்போது இரத்தத்தில் குமிழியாகிறது. மூட்டுவலி, கைகால் செயலிழப்பு, சில வேளைகளில் மரணம் கூட நேர்கிறது. வளையலின் விலையைப் பேசுவோர் இதைப் பேசுவதில்லை.

அறுத்தல்

தூத்துக்குடியிலிருந்து சங்குகள் கொல்கத்தா வழியாக வங்காளத்தின் பிஷ்ணுபூர் முதலிய ஊர்களுக்குச் செல்கின்றன. தாக்காவின் சாங்காரி பஜார் தெருவுக்குப் பெயரே இத்தொழிலாளரால் வந்தது. முதலில் சங்கின் நுனியையும் உதட்டையும் சுத்தியலால் தட்டி, நடுத்தண்டை நீக்குவர். பின்னர் சங்கைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறைவடிவ இரும்பு வாளை இரு கையாலும் இழுத்து வளையம் வளையமாக அறுப்பது பழைய முறை. இன்று சுழலும் இயந்திரத் தகடு அவ்வேலையை விரைவாக முடிக்கிறது. அதில் பறக்கும் நுண்தூள் தொழிலாளரின் நுரையீரலுக்குக் கேடு. உட்புறத்தைத் தேய்த்து மென்மையாக்கிய பிறகு, பூ, கொடி, மீன் முதலிய வடிவங்களை அரத்தால் செதுக்குவர். ஒரு சங்கிலிருந்து சில வளையல்களே தேறும். வலம்புரியை மட்டும் யாரும் அறுப்பதில்லை. அது அரிது, வழிபாட்டுப் பொருள்.

வங்காள இந்து மணமகளின் கையில் வெண்சங்கு வளையலான 'சாங்கா'வும் சிவப்பு வளையலான 'போலா'வும் ஏறுகின்றன. கணவன் இறந்தால் அவை கழற்றப்படும் அல்லது உடைக்கப்படும். தமிழர் வீடுகளிலோ சங்கு வளையல் வழக்கொழிந்தது. குழந்தைக்குப் பால் புகட்டும் சிறு சங்கு மட்டும் பல வீடுகளில் தங்கியது.

கடலோரத்துப் பொருளை உள்நாட்டார் போற்றுவது இங்கு மட்டும் காணும் வழக்கமன்று. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் வாழும் நவஹோ மக்கள் வெண்சங்கு, நீலப்பச்சை நிறப் பேரோசனைக்கல், அபலோனி ஓடு, கருங்கல் போன்ற ஜெட் ஆகிய நான்கையும் புனிதமாகக் கருதி அணிகலன் செய்கின்றனர். ஓடுகள் தொலைவிலுள்ள கடற்கரையிலிருந்து வணிகத்தால் வந்தவை. ஆயினும் நவஹோ அணியை நவஹோ கைவினைஞரே செய்து தம் பெயரால் விற்கின்றனர். தூத்துக்குடிச் சங்கோ கச்சாப் பொருளாகவே வண்டியேறுகிறது. திருச்செந்தூர், இராமேசுவரம் கடைகளில் சிப்பி மாலைகளும் சோழிப் பொம்மைகளும் தொங்குகின்றன. வளையல் அறுக்கும் வாளைப் பார்க்க வேண்டுமானால் பிஷ்ணுபூருக்குத்தான் போக வேண்டும்.