குழந்தையின் கண்ணில் தோன்றும் வெண்ணொளி

திருத்தணிகை மலைக்கு மேற்றிசையில், ஆந்திர எல்லையை அடுத்து அமைந்துள்ளது ஆர்.கே.பேட்டை. தெருத்தோறும் தறியோசை கேட்கும் ஊர் அது. ஒரே இல்லத்தில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்குவது. அதனை அடுத்த அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை முதலிய ஊர்களும் நெசவினாற் பெயர் பெற்றவையே. இப்பக்கத்தார் பலர் தம் மகவுக்கு முதன்முடி இறக்குவது திருத்தணிகை மலையில். முடியிறக்கிச் சந்தனம் பூசிய குழந்தையை மடியிலிருத்தி, உற்றார் சூழக் கைப்பேசியிற் படமெடுத்துக் கொள்ளுதலும் இந்நாளில் அச்சடங்கின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது.

அங்ஙனம் எடுத்த படமொன்றில் குழந்தையின் ஒரு கண் செந்நிறமாகவும் மற்றது வெண்ணிறமாகவும் தோன்றுமாயின், காண்போர் யாது செய்வர்? கருவியின் குற்றமெனச் சொல்லி வேறொரு படம் எடுப்பர். முன்னதை அழித்தும் விடுவர். ஆயின், அவ்வெண்மை அக்குழந்தையின் உயிரையே காக்கவல்ல முதல் எச்சரிக்கையாக இருத்தல் கூடும். அஃது எங்ஙனம் என்பதை நம் கல்லூரி அன்பர்களுக்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். யாம் மருத்துவர் அல்லேம். மருத்துவர் ஆராய்ந்து உலகுக்கு உரைத்தவற்றைத் தொகுத்துக் கூறுகின்றேம்.

கண்ணின் நடுவே கரிய வட்டமாகக் காணப்படுவதைப் பாவை என்கிறோம். அது கரிய பொருளன்று. ஒளி உட்புகும் வாயிலாகும். உள்ளே விளக்கில்லாத அறையின் சாளரம் வெளியே நிற்பவனுக்கு இருண்டு தோன்றுதல்போல் அதுவும் இருண்டு தோன்றுகின்றது. அவ்வாயில் வழியே சென்ற ஒளி, கண்ணின் பின்புறத்தே விரிந்துள்ள விழித்திரையிற் படுகின்றது. விழித்திரையும் அதன் பின்னுள்ள படலமும் குருதி நிறைந்தவை. ஆதலின், ஒளி நேரே பாய்ந்து மீளுங்கால் செந்நிறம் பெற்று மீளும். இரவில் மின்னொளியிட்டுப் படமெடுக்கும்போது கண்கள் சிவந்து தோன்றுவதற்குக் காரணம் இதுவே. அச்செம்மை அஞ்சத்தக்கதன்று. விழித்திரையில் வெண்ணிறக் கட்டியொன்று வளர்ந்திருக்குமாயின், ஒளி அதன்மேற் பட்டு வெண்மையாகவோ, மஞ்சள் கலந்த வெண்மையாகவோ மீளும். இருளில் மின்னும் பூனையின் கண்ணை ஒத்தலின், மேனாட்டு மருத்துவர் முன்னாளில் இதனைப் பூனைக்கண் என்றே வழங்கினர்.

இக்கட்டியே விழித்திரைப் புற்றுநோய். ‘ரெட்டினோபிளாஸ்டோமா’ என்பது மருத்துவர் இட்ட பெயர். பிறக்கும் குழந்தைகள் 15,000 முதல் 20,000 பேருக்குள் ஒருவரை இது பற்றும். அரிய நோயே, எனினும் உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,000 குழந்தைகள் இதற்கு ஆளாகின்றனர் என்றும், அவருள் நம் நாட்டுக் குழந்தைகளே மிகப் பலர் என்றும் கணக்கிட்டுள்ளனர். இது பெரும்பாலும் ஐந்து வயது நிரம்புமுன்னரே வெளிப்படும். ஒரு கண்ணில் மட்டும் தோன்றின் இரண்டு வயதளவிலும், இரு கண்களிலும் தோன்றின் ஒரு வயதளவிலும் கண்டறியப்படுதல் பெரும்பான்மை.

இந்நோயைத் தனியொரு நோயென்று 1809-ஆம் ஆண்டில் தெளிவுற விளக்கியவர் ஸ்காட்லாந்து தேசத்து ஜேம்ஸ் வார்திராப் என்னும் அறுவை மருத்துவர். காலத்தே கண்ணை அகற்றின் உயிர் பிழைக்கும் என அவர் வற்புறுத்தினார்; மயக்க மருந்தின் துணையின்றி அறுவை நிகழ்ந்த காலம் அது. அதற்குப் பத்தாண்டு கழித்து, 1819-ல், சென்னையில் கண்ணுக்கெனத் தனி மருத்துவமனை தோன்றிற்று. எழும்பூரில் இன்றும் நடைபெறும் அரசினர் கண் மருத்துவமனை அதன் வழிவந்ததே. 1851-ல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ளோரின் விழித்திரையை நேரே நோக்குதற்குரிய கருவியை அமைத்தார். அன்று முதல், கட்டி புறத்தே பருத்து வெளிப்படுமுன் உள்ளிருக்கும்போதே அதனைக் காண வழி பிறந்தது.

இன்று செல்வ நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகள் நூற்றுவரில் தொண்ணூற்றைவருக்கு மேற்பட்டோர் உயிர் பிழைக்கின்றனர். வறிய நாடுகளில் அத்துணைப்பேர் பிழைப்பதில்லை. இவ்வேறுபாட்டிற்கு மருந்தும் பொருளும் மட்டும் காரணமல்ல, காலமும் காரணம். கட்டி கண்ணுக்குள் அடங்கியிருக்கும்போதே மருத்துவமனைக்கு வரும் குழந்தை பிழைக்கின்றது. அது கண்ணைக் கடந்து நரம்பின் வழியே மூளைக்கும், குருதியின் வழியே எலும்புக்கும் சென்றபின் வரும் குழந்தையைக் காத்தல் அரிது. ஆதலின், அறிகுறிகளை அறிந்திருத்தலே முதல் மருந்தென்று கூறலாம்.

அவ்வறிகுறிகளுள் தலையாயது மேற்கூறிய வெண்ணொளி. இரண்டாவது மாறுகண். பிறந்து இரண்டு மூன்று திங்கள் வரையில் சிசுவின் கண்கள் சிலபோது ஒருமித்து நோக்காமல் அலைதல் இயல்பு. அதன் பின்னரும் ஒரு கண் விலகி நிற்குமாயின், அல்லது எவ்வயதிலேனும் இடைவிடாது விலகியே நிற்குமாயின், அது நோக்கத்தக்கது. விழித்திரையின் நடுவிடத்தைக் கட்டி மறைத்தவழி, அக்கண் நேரே நோக்கும் ஆற்றலை இழந்து ஒதுங்கும். மூன்றாவது, பீளையின்றியே பலநாள் நீடிக்கும் சிவப்பும் வீக்கமும். நான்காவது, ஒரு கண்ணின் கருவிழி நிறம் மாறுதல், அல்லது ஒரு கண் மற்றதனிற் பெரிதாகத் தோன்றுதல். ஐந்தாவது, குழந்தை முகத்தையும் விளையாட்டுப் பொருளையும் கண்ணாற் பின்தொடராமை, நடக்குங்கால் பொருள்களில் இடித்துக் கொள்ளுதல். கண் வெளியே பிதுங்குதல் இறுதியில் வருவது. அதுவரை காத்திருத்தல் ஆகாது. இந்நோய் தொடக்கத்தில் வலியைத் தருவதில்லை. குழந்தை உண்ணும், உறங்கும், சிரித்து விளையாடும். அதனாலேயே பெற்றோர் ஏமாந்து போகின்றனர்.

இவ்வெண்ணொளியை முதலிற் காண்பவர் பெரும்பாலும் மருத்துவரல்லர், பெற்றவர்களே. அதற்குக் காரணம் உண்டு. பாவை வெயிலிற் சுருங்கும். மங்கிய ஒளியில் விரியும். நண்பகலிற் காணப்படாத வெண்மை, அந்திப்பொழுதில், தறிக்கூடத்து விளக்கு ஒருபுறமாக விழும்போது, மடியிற் கிடக்கும் குழந்தையின் முகத்தைக் குனிந்து நோக்கும் தாயின் கண்ணுக்கு ஒருகணம் தோன்றி மறையும். மறுநாட் காலையில் அவள் அதனைக் கணவனுக்கும் மாமிக்கும் காட்ட முயல்வாள், ஒன்றும் தெரியாது. “உனக்கு மட்டும் எங்கிருந்து தெரிகிறது?” என்று வினவுவர். அவளும் தன் கண்ணையே ஐயுற்று வாளாவிருப்பாள். மருத்துவருட் சிலரும் கைவிளக்கால் மேலோட்டமாக நோக்கி, வளர வளரச் சரியாகிவிடுமென்று சொல்லி அனுப்புதல் உண்டு. இங்ஙனம் கழியும் திங்கள்களே கட்டி வளரும் திங்கள்கள். ஆதலின் யாம் முதற்கண் வேண்டுவது இது: தாய் ஒன்றைக் கண்டேன் என்றால், பிறர் காணவில்லை என்பதுகொண்டு அவள் சொல்லைத் தள்ளற்க.

அவள் சொல்லுக்குச் சான்று தேட இக்காலத்தில் எளிய வழியொன்று உண்டு. மங்கிய அறையில், குழந்தை நேரே நோக்கும்படி செய்து, கைப்பேசியின் மின்னொளியுடன் படங்கள் சில எடுத்துப் பார்க்கலாம். கண்ணின் செம்மையைத் தானே மாற்றிவிடும் அமைப்புச் சில கருவிகளில் உண்டு. அதனை நிறுத்திக் கொள்க. குழந்தை ஒருபுறம் சாய்ந்து நோக்கின், நல்ல கண்ணிலும் நரம்பு தொடங்குமிடத்தில் ஒளி பட்டு வெண்மை தோன்றுதல் உண்டு. ஆகவே ஒரு படத்தைக் கண்டவுடன் கலங்க வேண்டுவதில்லை. ஆயினும், ஐயம் எழுந்தபின் அதனைத் தீர்த்தற்குரியவர் கண் மருத்துவரே. படத்தில் ஒன்றும் தோன்றாமையால் நோயில்லை எனத் துணிதலும் கூடாது. கண்புரை முதலிய வேறு நோய்களாலும் பாவை வெளுத்துத் தோன்றும். அவையும் காலத்தே கவனிக்கத்தக்கவையே.

நம் ஊர்ப்புறங்களில் வழங்கும் சில எண்ணங்களைப் பற்றியும் சொல்லுதல் கடன். மாறுகண் குழந்தைக்கு அதிருஷ்டம் என்பர் சிலர். கண்ணிற் பூ விழுந்ததென்று தாய்ப்பாலையும் பச்சிலைச் சாற்றையும் விளக்கெண்ணெயையும் விடுவர் சிலர். கருவுற்றிருந்தபோது தாய் கிரகணத்தைப் பார்த்துவிட்டாள் என அவளையே குறைகூறுவோரும் உளர். இவற்றுள் எதுவும் உண்மையன்று. கண்ணிற் பூ என்பது முன்புறத்துக் கருவிழியின்மேற் படியும் வெண்மை. யாம் கூறுவதோ பாவைக்குள்ளே, ஆழத்திற் தோன்றுவது. மேலே விடும் எத்துளியும் அதனைச் சென்று சேராது. தூய்மையற்றதாயின் கண்ணைப் புண்படுத்தவும் கூடும்.

நோயின் காரணத்தை அறிஞர் நுணுகிக் கண்டுள்ளனர். நம் உடலின் அணுக்கள்தோறும் 13-ஆம் நிறப்புரியில் ஒரு மரபுக்கூறு உளது. அணுக்கள் வரம்பின்றிப் பெருகாமல் தடுப்பது அதன் தொழில். தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு படிகள் உள்ளன. விழித்திரையின் அணு ஒன்றில் இவ்விரண்டும் பழுதுறின் கட்டி தோன்றும். இரு பழுதுகள் வேண்டும் என்னும் இக்கொள்கையை 1971-ல் அமெரிக்க அறிஞர் ஆல்பிரட் நட்சன் இந்நோயை ஆராய்ந்தே வெளியிட்டார். பின்னர்ப் புற்றுநோய் ஆராய்ச்சி முழுவதற்கும் அது விளக்காயிற்று. நோயுற்றோரில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பதின்மருக்கு முதற்பழுது கருவிலேயே அமைந்துவிடுகின்றது. இரு கண்களிலும் நோயுற்றோர் யாவரும் இவ்வகையினர். இவர்தம் மக்களுக்கு அப்பழுது செல்லுதல் இரண்டில் ஒரு பங்கு நேரக்கூடும். ஆதலின் ஒரு குழந்தைக்கு நோய் கண்டால், உடன்பிறந்தாரையும் உடனே காட்டுதல் வேண்டும். இது தாயின் பிழையுமன்று, தந்தையின் பிழையுமன்று.

மருத்துவமனையில் நிகழ்வதை முன்னரே அறிந்திருத்தல் அச்சத்தைக் குறைக்கும். துளிமருந்திட்டுப் பாவையை விரியச் செய்து, சிறு குழந்தையாயின் மயக்கமும் கொடுத்து, விழித்திரை முழுவதையும் நோக்குவர். ஒலியலைப் படமும் காந்தப் படமும் எடுப்பர். பிற கட்டிகளைப்போல ஊசியாற் சிறிது எடுத்துச் சோதிப்பதில்லை. அது நோயைப் பரப்பக்கூடும். கட்டி சிறிதாயின் லேசர் ஒளியாலும் கடுங்குளிராலும் அழிப்பர்; குருதிக்குழாய் வழியே மருந்து செலுத்திச் சுருக்குவர்; இங்ஙனம் கண்ணையும் பார்வையையும் காத்தல் பலர்க்கு இயலும். கட்டி கண்ணை நிறைத்திருப்பின், அக்கண்ணை அகற்றுதலே வழியாகும்.

இங்கேதான் பெற்றோர் மனம் உடைகின்றது. “இன்று நன்றாக விளையாடும் குழந்தையின் கண்ணையா எடுப்பது? அதுவும் பெண் குழந்தை! நாளை இவளை யார் கொள்வர்?” என்று அழுது, சொல்லாமலே மருத்துவமனையை விட்டுச் செல்வோர் உண்டு. தறியில் ஏற்றிய பாவு முடியட்டும், ஆடிக் கிருத்திகை கழியட்டும் என நாளைக் கடத்துவோரும் உண்டு. அவர் துயரை யாம் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் ஓர் உண்மையை அவர்க்கு அன்போடு உணர்த்தல் வேண்டும். கட்டி நிறைந்த அக்கண் பெரும்பாலும் பார்வையை முன்னரே இழந்துவிட்டது. அதனைக் காத்து வைத்தல் நோயைக் காத்து வைத்தலே. அகற்றிய இடத்தில் உருண்டையொன்றை உள்ளே வைத்துத் தைப்பர்; புண் ஆறியபின், மற்றைக் கண்ணை ஒத்த செயற்கைக் கண்ணைப் பொருத்துவர். மற்றைக் கண் நலமாயின் அக்குழந்தை பள்ளிக்குச் செல்லும், படிக்கும், தொழில் புரியும். ஒரு கண்ணைக் கொடுத்து ஒரு வாழ்வைப் பெறுதல் இழப்பாகாது. சிகிச்சை முடிந்தபின்னும், மருத்துவர் குறித்த நாள்தோறும் பல்லாண்டு காட்டி வருதல் இன்றியமையாதது.

ஆர்.கே.பேட்டையிலிருந்து சிகிச்சைக்குச் செல்லுமிடம் எட்டாத் தொலைவினதன்று. திருத்தணிகையிலிருந்து புகைவண்டி ஏறின் சென்னை. அங்கே எழும்பூர் அரசினர் கண் மருத்துவமனையும், 1978-ல் டாக்டர் பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்திராலயமும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையமும் உள்ளன. மேற்கே வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஷெல் கண் மருத்துவமனை உண்டு. அங்கன்வாடிக் குழந்தைகளை மருத்துவக் குழுவினர் வந்து நோக்கும் அரசினர் திட்டமும் 2013 முதல் நடைபெறுகின்றது. அக்குழுவினரிடமும், கிராம சுகாதாரச் செவிலியரிடமும் ஐயத்தைத் தெரிவிக்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உடையோர் அதனையும் எடுத்துச் செல்க. தாய் கண்ட அவ்வாரமே புறப்படுதல் நன்று.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் திரும்பும்போது, உங்கள் அக்கையரும் அண்ணியரும் குழந்தையின் படங்களை உங்களிடம் ஆவலோடு காட்டுவர். அவற்றை நோக்குங்கால் அக்குழந்தையின் இரு கண்களையும் ஒருமுறை ஒப்பிட்டு நோக்குங்கள். இக்கட்டுரையின் செய்தியைத் தமிழிலும் தெலுங்கிலும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஐயுற்று நிற்கும் தாய் ஒருத்தியைக் காணின், அவள் சொல்லை நம்பி, அவளோடு மருத்துவமனை வரையிற் செல்லுங்கள். கல்வியறிவு பெற்றோர் பிறந்த ஊருக்குச் செலுத்தும் கடன்களுள் இதுவும் ஒன்று.