வீட்டு ஆய்வில் மின்சாரச் சோதனையின் எல்லை

வீட்டு ஆய்வில் மின்சாரச் சோதனையின் எல்லை என்பது, விற்பனைக்கு வரும் வீட்டைப் பார்வையிடும் ஆய்வாளர் அதன் மின்பெட்டி, கம்பிகள், பிளக் பாயிண்டுகள், சுவிட்சுகள் ஆகியவற்றை எந்த அளவுக்குச் சோதிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் குறிக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீடு வாங்குவோர், விற்பனையை முடிக்கும் முன் வீட்டு ஆய்வாளர் ஒருவரை அமர்த்துவது பரவலான வழக்கம். அவர் கூரை முதல் அடித்தளம் வரை சில மணி நேரத்தில் பார்த்து எழுத்து வடிவில் அறிக்கை தருவார். பழுது நீக்குவது அவர் வேலை அன்று; பெரும்பாலும் அவர் மின்பணியாளரும் அல்லர். ஆயினும் அவர் "குறை எதுவும் காணப்படவில்லை" என்று எழுதினால், படிப்பவர் அதை "இந்த வீட்டு மின்சாரம் பாதுகாப்பானது" என்று புரிந்துகொள்கிறார். எழுதியதற்கும் புரிந்துகொண்டதற்கும் உள்ள இந்த இடைவெளியால்தான் சோதனையின் எல்லை முக்கியமான கேள்வியாகிறது.

நடைமுறைத் தரங்கள்

அமெரிக்காவில் வீட்டு ஆய்வுத் தொழிலுக்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். டெக்சாஸ், நியூயார்க் போன்ற மாநிலங்களில் ஆய்வாளருக்கு உரிமம் கட்டாயம். கலிபோர்னியாவில் மாநில உரிமம் இல்லை. இதனால் தொழிற்சங்கங்கள் வெளியிடும் நடைமுறைத் தரங்கள் பெரும் பங்கு வகிக்கின்றன. 1976இல் தொடங்கப்பட்ட அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கமும், 1990இல் தொடங்கப்பட்ட இன்டர்நாச்சி எனும் சங்கமும் இவற்றுள் முதன்மையானவை.

இரண்டு தரங்களும் வீட்டு ஆய்வைக் கண்ணால் பார்த்துச் செய்யும் ஆய்வாகவே வரையறுக்கின்றன. எளிதில் அணுகக்கூடிய பகுதிகளை மட்டும் பார்த்தால் போதும். அறைக்கலன்களை நகர்த்தவோ, சுவரைத் துளைக்கவோ வேண்டியதில்லை. சுவிட்சுகளையும் பிளக் பாயிண்டுகளையும் ஒன்று விடாமல் சோதிக்க வேண்டும் என்பதும் இல்லை. மாதிரிக்குச் சிலவற்றைச் சோதிக்கலாம். அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கத்தின் தரப்படி, பிளக் பாயிண்ட் போல ஒரே வகையில் பல இருக்கும் பொருள்களில் அறைக்கு ஒன்று போதும். மின்னோட்டம், மின்னழுத்தம், மின்மறுப்பு ஆகியவற்றை அளப்பதும், புகை எச்சரிக்கைக் கருவியை ஒலிக்கச் செய்து பார்ப்பதும் கடமையாக விதிக்கப்படவில்லை.

இரண்டுக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. முதல் சங்கத்தின் தரம் மின்பெட்டியின் உட்பகுதியை ஆய்வு செய்யச் சொல்கிறது. இன்டர்நாச்சியின் தரமோ பெட்டியின் மூடியைக் கழற்றுவதைக் கட்டாயமாக்கவில்லை. ஒரே வீட்டை இரு ஆய்வாளர்கள் தத்தம் தரத்துக்கு உட்பட்டே பார்த்தாலும், ஒருவர் கண்டதை மற்றவர் காணாமல் போக இது இடமளிக்கிறது.

மின்பெட்டியைத் திறத்தல்

மின்பெட்டியின் கதவைத் திறந்தால் பிரேக்கர் எனப்படும் சுற்று முறிப்பான்களின் விசைகள் மட்டுமே தெரியும். கம்பிகளையும் இணைப்புகளையும் மறைக்கும் உலோக உள்மூடியைத் திருகாணி கழற்றி எடுத்தால்தான் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியும். கருகிய காப்புறை, துரு, தளர்ந்த இணைப்பு, கம்பியின் பருமனுக்குப் பொருந்தாத பெரிய பிரேக்கர், ஒரே திருகில் முறையின்றி மாட்டப்பட்ட இரண்டு கம்பிகள் ஆகியவை அங்கேதான் கண்ணில் படும்.

அலுமினியக் கம்பி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செம்பின் விலை ஏறியதால் 1960களின் நடுப்பகுதி முதல் 1970களின் தொடக்கம் வரை பல அமெரிக்க வீடுகளில் ஒற்றை இழை அலுமினியக் கம்பி பதிக்கப்பட்டது. சூடாகும்போது விரிந்தும் ஆறும்போது சுருங்கியும் அதன் இணைப்புகள் நாளடைவில் தளர்கின்றன. அதன் மேற்பரப்பில் உருவாகும் ஆக்சைடு படலம் மின்தடையைக் கூட்டுகிறது. 1972க்கு முன் தயாரான அலுமினியக் கம்பி உள்ள வீடுகளில், இணைப்பு ஒன்றாவது தீப்பிடிக்கும் நிலையை எட்டும் வாய்ப்பு செம்புக் கம்பி வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்துள்ளது. இந்தக் கம்பி இருக்கிறதா என்பதை அறிய மின்பெட்டியின் உட்பகுதியே எளிதான இடம். மூடியைக் கழற்றாத ஆய்வு இதைத் தவறவிடக்கூடும்.

மூடியைக் கழற்றுவதில் ஆபத்தும் உண்டு. முதன்மைப் பிரேக்கரை அணைத்தாலும், வெளியிலிருந்து அதற்கு வரும் கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மூடி சரிந்து அவற்றின் மீது பட்டால் மின்வில் வெடிப்பு ஏற்படலாம். முன்பு யாரோ பொருத்திய கூர்முனைத் திருகாணி ஏற்கெனவே ஒரு கம்பியைத் துளைத்திருக்கலாம். கழற்றும்போது அது தெரியாது. ஆகவே மூடியைக் கழற்றும் ஆய்வாளர்களும், பெட்டியில் நீர்க்கசிவு, கடும் துரு, கருகிய வாடை, இரைச்சல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எந்தக் காரணத்தால் திறக்கவில்லை என்பதை அறிக்கையில் எழுதினால், அதுவே வாங்குபவருக்குப் பயனுள்ள செய்தி. பெட்டிக்குள் கருவியை நுழைப்பதும் கம்பியை இழுத்துப் பார்ப்பதும் மின்பணியாளரின் வேலை.

பிரேக்கர்களை இயக்குதல்

பிரேக்கரைக் கையால் அணைத்துப் போட்டுப் பார்த்தால் அதன் விசை அசைகிறது என்பது மட்டுமே உறுதியாகும். அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது அது தானாக விழுமா என்பது தெரியாது. பிரேக்கரின் உண்மையான பணி இந்த இரண்டாவதுதான். அதைக் கண்டறியத் தனிக் கருவியும் பயிற்சியும் தேவை.

கிடைக்கும் தகவல் சிறிது. நேரக்கூடிய இழப்போ பெரிது. அணைக்கும் பிரேக்கர், குடியிருப்பவரின் ஆக்சிஜன் கருவிக்கு மின்சாரம் தருவதாக இருக்கலாம். நிலவறையில் ஊறும் நீரை வெளியேற்றும் பம்போ, இறைச்சி நிறைந்த ஃப்ரீசரோ அதில் இணைந்திருக்கலாம். பழைய பிரேக்கர் ஒன்றை அணைத்தபின் அது மீண்டும் பிடிக்காமல் போவதும் உண்டு.

ஏற்கெனவே அணைந்திருக்கும் பிரேக்கரைப் போட்டுப் பார்ப்பது இதைவிட ஆபத்தானது. பழுதான கம்பி ஒன்றின் காரணமாகவே யாரோ அதை அணைத்து வைத்திருக்கலாம். அந்தச் சுற்றின் மறுமுனையில் ஒருவர் வெறுங்கையுடன் வேலை செய்துகொண்டிருக்கலாம். அணைக்கப்பட்ட மின்சுற்றை இயக்க வேண்டியதில்லை என்று நடைமுறைத் தரங்கள் கூறுவதன் காரணம் இதுவே.

பிளக் பாயிண்ட் சோதனை

ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்துவது மூன்று விளக்குச் சோதனைக் கருவி. 120 வோல்ட் பிளக் பாயிண்டில் இதைச் செருகினால், ஃபேஸ், நியூட்ரல், எர்த் கம்பிகள் சரியாக இணைக்கப்பட்டுள்ளனவா என்பதை விளக்குகள் எரியும் முறையிலிருந்து அறியலாம். ஃபேசும் நியூட்ரலும் இடம் மாறியிருத்தல், எர்த் இல்லாதிருத்தல் போன்ற குறைகளை இது நொடியில் காட்டும்.

இக்கருவியால் காண முடியாத குறை ஒன்று உண்டு. பழைய வீடுகளில் எர்த் கம்பி இருக்காது. அங்கே மூன்று துளைப் பிளக் பாயிண்டைப் பொருத்திவிட்டு, எர்த் முனையை அதே பெட்டிக்குள் நியூட்ரல் முனையோடு சிறு கம்பியால் இணைத்துவிடுவோர் உள்ளனர். கருவி இதைச் சரியான இணைப்பு என்றே காட்டும். ஆனால் அந்தச் சுற்றில் நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால், அங்கே செருகியிருக்கும் கருவியின் உலோக உடல் முழுவதும் மின்சாரம் ஏறும். கூடவே ஃபேசும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், கம்பி அறுபடாமலேயே உலோக உடலில் 120 வோல்ட் இருக்கும். அப்போதும் அதே விளக்குகள் சரி என்றுதான் எரியும்.

பிளக் பாயிண்டைக் கழற்றி வெளியே இழுத்தால் இக்குறை தெரியும். ஆனால் பழைய காப்புறை உதிர்ந்துபோகவும், அலுமினியக் கம்பி முறியவும் வாய்ப்பு இருப்பதால் அது ஆய்வாளரின் வேலையாகக் கருதப்படுவதில்லை. கழற்றாமலேயே ஐயம் கொள்ள வழி உண்டு. மின்பெட்டியில் தெரியும் கம்பிகளில் எர்த் இல்லை. அறைகளிலோ எல்லாப் பிளக் பாயிண்டுகளும் சரி என்று காட்டுகின்றன. இந்த முரண்பாட்டைக் கவனிக்கும் ஆய்வாளர், மின்பணியாளரைக் கொண்டு மேலும் சோதிக்குமாறு பரிந்துரைக்கலாம்.

மின்கசிவுத் தடுப்பான்களும் மின்பொறித் தடுப்பான்களும்

குளியலறை, சமையலறை, வண்டிக் கொட்டகை, வீட்டின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் உள்ள பிளக் பாயிண்டுகளுக்கு மின்கசிவுத் தடுப்பான் தேவை என அமெரிக்கத் தேசிய மின்சார விதிநூல் கூறுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் 1961இல் உருவாக்கிய கருவி இது. இந்தியாவில் ஆர்.சி.சி.பி. எனப்படும் கருவியும் இதே தத்துவத்தில் இயங்குகிறது. ஃபேசில் செல்லும் மின்னோட்டத்துக்கும் நியூட்ரலில் திரும்புவதற்கும் இடையே 4 முதல் 6 மில்லியாம்பியர் வேறுபாடு வந்தால் அமெரிக்கக் கருவி மின்சாரத்தை நிறுத்திவிடும்.

இதைச் சோதிக்க இரண்டு வழிகள் உள்ளன. கருவியிலேயே உள்ள சோதனைப் பொத்தான், எர்த் கம்பி இல்லாத சுற்றிலும் வேலை செய்யும். வெளியிலிருந்து செருகும் சோதனைக் கருவி, ஃபேசிலிருந்து எர்த்துக்குச் சிறிதளவு மின்சாரத்தைக் கசியவிட்டுச் சோதிக்கிறது. எர்த் இல்லாவிட்டால் கசியப் பாதை இல்லை; தடுப்பான் நல்ல நிலையில் இருந்தும் விழாது. இதை அறியாத ஆய்வாளர் அதைப் பழுது என்று தவறாக எழுத நேரும். மின்பொறித் தடுப்பானை அதிலுள்ள பொத்தானைக் கொண்டே சோதிப்பது நம்பகமானது.

இச்சோதனையிலும் ஒரு கவனம் தேவை. குளியலறையில் சோதிக்கும் பிளக் பாயிண்டை, வண்டிக் கொட்டகையில் பெட்டிகளுக்குப் பின்னால் உள்ள தடுப்பான் காத்து நிற்கலாம். அதை விழச்செய்தபின் மீட்டுப் போடும் இடம் கிடைக்காவிட்டால், அதில் இணைந்த ஃப்ரீசர் பல நாள் அணைந்து கிடக்கும். மீட்டுப் போடும் இடத்தை முதலில் கண்டறிந்து சோதிப்பதே நல்ல வழக்கம்.

தரத்தைத் தாண்டிய சோதனைகள்

நடைமுறைத் தரம் என்பது குறைந்தபட்ச அளவே. ஆய்வாளர் விரும்பினால் அதைத் தாண்டலாம். சிலர் வெப்பப் படக்கருவியால் மின்பெட்டியைப் பார்க்கின்றனர். சிலர் மின்சுமையின்போது மின்னழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கின்றனர். தளர்ந்த இணைப்பைக் கண்டறிய இவை உதவும். ஆனால் மின்னோட்டம் பாயும்போதுதான் இணைப்பு சூடாகும். ஆள் குடியில்லாத வீட்டில், எதுவும் ஓடாத நேரத்தில் எடுத்த வெப்பப் படத்தில் கெட்ட இணைப்பும் குளிர்ச்சியாகவே தெரியும்.

கூடுதல் சோதனை கூடுதல் பொறுப்பையும் கொண்டுவருகிறது. ஓர் அறையில் மட்டும் மின்னழுத்தம் அளந்து எழுதினால், எல்லா அறைகளும் அளக்கப்பட்டதாக வாங்குபவர் எண்ணக்கூடும். எனவே எதை, எங்கே, எந்தச் சூழலில் அளந்தார் என்பதை ஆய்வாளர் குறிப்பிட வேண்டும்.

இங்கிலாந்து நடைமுறை

இங்கிலாந்தில் இவ்விரு வேலைகளும் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வீடு வாங்குவோருக்காகக் கட்டட மதிப்பாய்வாளர் மின்னமைப்பைக் கண்ணால் மட்டுமே பார்க்கிறார். காப்புறைத் தடை, எர்த் சுற்றின் மின்மறுப்பு, கசிவுத் தடுப்பான் விழ எடுக்கும் நேரம் ஆகியவற்றை அளக்கும் மின்னமைப்பு நிலை அறிக்கையைத் தகுதி பெற்ற மின்பணியாளர் தனியே தயாரிக்கிறார். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, தனியார் வாடகை வீடுகளில் குறைந்தது 5 ஆண்டுக்கு ஒருமுறை இச்சோதனை செய்யப்பட வேண்டும்.

எல்லையும் அறிக்கையும்

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு சோதனையைச் செய்யலாமா என்பதற்கு மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. செய்தபின் வீட்டைப் பழைய நிலைக்கே கொண்டுவர முடியுமா? ஆய்வாளருக்கும் குடியிருப்பவருக்கும் ஆபத்து இல்லையா? கிடைக்கும் விடை வாங்குபவரின் முடிவுக்கு உதவுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் செய்யலாம். மின்கசிவுத் தடுப்பானின் பொத்தானை அழுத்துவது இதில் தேறும். எல்லாப் பிரேக்கர்களையும் அணைத்துப் போடுவது தேறாது.

சோதிக்காமல் விட்டதை எழுதுவதும் சோதனையின் ஒரு பகுதியே. "மின்சாரம் சரி" என்ற ஒரு வரியைவிட, "12 பிளக் பாயிண்டுகள் சோதிக்கப்பட்டன, நிலவறைப் பெட்டி பூட்டியிருந்ததால் பார்க்கப்படவில்லை, மின்பணியாளரைக் கொண்டு பார்க்கவும்" என்ற குறிப்பு வாங்குபவருக்கு அதிகம் உதவும். பார்க்கப்படாத பெட்டியைக் கையெழுத்திடும் முன்பே திறந்து பார்க்க அவருக்கு அது வாய்ப்பளிக்கிறது.