குதிகால் நாண் அறுந்தால்... அவசரம் வேண்டாம் அக்கா!



போன மழைக்காலத்தில் நம்ம குழு அக்கா ஒருத்தர் வரப்பில் வழுக்கினார். "யாரோ பின்னாடியிருந்து கட்டையால அடிச்ச மாதிரி படக்குனு சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா யாருமே இல்ல" என்றார். நொண்டி நொண்டி நடக்க முடிந்ததால் சுளுக்கு என்று நினைத்து, ஒரு மாதம் எண்ணெய் போட்டு வழித்துக்கொண்டார். அறுந்தது குதிகால் நாண் என்று அதன் பிறகுதான் தெரிந்தது.

கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் கயிறுதான் இந்த நாண். ஊரில் "குதிகால் நரம்பு" என்பார்கள். நம் உடம்பிலேயே தடிமனான நாண் இதுதான். இது அறுந்தால் கால் விரலை அசைக்கலாம், கொஞ்சம் நடக்கவும் செய்யலாம். அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த ஒரு காலால் மட்டும் நுனிக்காலில் நிற்க முடியாது. குப்புறப் படுக்க வைத்து கெண்டைக்கால் சதையை அமுக்கினால், நல்ல காலின் பாதம் அசையும். நாண் அறுந்த காலில் அசையாது. சந்தேகம் வந்தால் வழிக்க வேண்டாம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க. நாள் கடந்தால் அறுந்த இரண்டு முனையும் விலகிப்போய், வைத்தியம் பெரிதாகிவிடும்.

சிலருக்கு ஆபரேஷன், சிலருக்கு மாவுக்கட்டு அல்லது பூட்ஸ் மட்டும். எது என்பதை டாக்டர் முடிவு செய்வார். எதுவானாலும் அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். ஆளுக்கு ஆள் மாறினாலும், பொதுவாக இப்படி இருக்கும்:

1. முதல் 2 வாரம்: பாதம் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டு. காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கணும். டாக்டர் சொல்லாமல் ஊன்றக் கூடாது.

2. அடுத்து 8 முதல் 10 வாரம் வரை: குதிகால் பக்கம் மேடு வைத்த பூட்ஸ். மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். நாமாகக் கழற்றக் கூடாது.

3. சுமார் 3 மாதத்துக்குப் பிறகு: பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும்படி, சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி மெதுவாக இறக்கும் பயிற்சி. பலம் வந்ததும் ஒற்றைக்காலில்.

4. 6 மாதத்துக்குப் பிறகு: கடினமான வேலை படிப்படியாக. முழு பலம் வர 9 முதல் 12 மாதம் ஆகலாம்.

வலி குறைந்ததும் "நல்லாயிடுச்சு" என்று வயலுக்குக் கிளம்புவதுதான் ஆபத்து. முதல் 3 மாதத்தில்தான் மறுபடி அறுந்துபோகும் பயம் அதிகம்.

நமக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கு. மல்லாட்டை பறிப்பது, பாத்திரம் தேய்ப்பது, கக்கூஸ் போவது எல்லாமே குந்தி உட்கார்ந்துதான். குந்தும்போது இந்த நாண் நன்றாக இழுபடும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்டூல், நாற்காலி பயன்படுத்துங்க. நடுவில் ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் நாற்காலியே கக்கூஸுக்குப் போதும். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்காலோடு சுற்றுவதாக வேண்டுதல் இருந்தாலும் தள்ளி வையுங்க. அண்ணாமலையார் எங்கேயும் போய்விட மாட்டார்.

உடனே கவனிக்க வேண்டியவை: கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே காட்டுங்க. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-க்குப் போன் பண்ணுங்க. தையலில் சீழ், காய்ச்சல் இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. சர்க்கரை இருப்பவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும். இன்னொன்று: ஸ்டீராய்டு மருந்தும், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில மாத்திரைகளும் இந்த நாணைப் பலவீனமாக்கலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீங்க.

கிரிக்கெட் வீரர் முகமது ஷமிக்கு 2024 பிப்ரவரியில் குதிகால் நாணில் ஆபரேஷன் நடந்தது. எல்லா வசதியும் இருந்தும் அந்த வருடம் நவம்பரில்தான் அவர் மறுபடி மைதானத்துக்கு வந்தார். நம்ம அக்காவை மட்டும் "ஒரு மாசமாச்சே, இன்னுமா எழுந்திரிக்கல?" என்று கேட்கலாமா?

பயிற்சிக்கு அடிக்கடி டவுனுக்குப் போக முடியாதவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்க. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் ஒரு சேவை.

குழுவுக்கும் பொறுப்பு இருக்கு. அந்த அக்காவின் உள்கடன் தவணையைத் தள்ளிவைக்கலாமா? ஆளுக்கொரு நாள் தண்ணி எடுத்துக் கொடுக்கலாமா? கூட்டத்தை அவர் வீட்டுத் திண்ணையிலேயே நடத்தலாமா? ஊக்குநர்கள் இதை அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டி, பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஓய்வு எடுக்க வழி இருந்தால்தானே அந்தக் கால் ஆறும்!