பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரிகள்

வெளிநாட்டுக்குப் போய் விமானத்திலிருந்து இறங்கியதும் குடியேற்றச் சோதனை வரிசையில் நிற்க வேண்டும். அங்கே இருக்கும் அதிகாரிக்கு இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். வந்திருப்பவர் யார்? அவர் உள்ளே வரலாமா? முதல் கேள்விக்குப் பதில் பாஸ்போர்ட். அதை நம் நாடு தருகிறது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் விசா. அதைத் தருவது நாம் போகிற நாடு. ஆனால் எல்லா நாட்டுக்கும் அது தேவையில்லை; நேபாளம் போகும் இந்தியருக்கு விசா வேண்டாம்.

முதல் உலகப் போருக்கு முன்பு ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பாஸ்போர்ட் இல்லாமலே போய்வந்தார்கள். போர்க்காலத்தில் ஒற்றர்களுக்குப் பயந்து அதைக் கட்டாயமாக்கினார்கள். போர் முடிந்தும் அந்தக் கட்டாயம் போகவில்லை. 1920இல் பாரிஸில் கூடிய மாநாடு, பாஸ்போர்ட் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பொது வடிவம் வகுத்தது.

சரி, ஒரு பாஸ்போர்ட் போலி என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் வரிக்கு 44 எழுத்துகளாக இரண்டு வரிகள் இருக்கும். அவை இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்டவை. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

நீங்கள் 2012 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் வரியில் அது 120815 என்று இருக்கும். இந்த இலக்கங்களை வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்குங்கள். 7, 6, 0, 56, 3, 5 என்று வரும். கூட்டினால் 77. அதன் கடைசி இலக்கம் 7. பிறந்த தேதிக்கு அடுத்து அந்த 7 அச்சாகியிருக்கும். யாராவது 8ஐ 9 ஆகத் திருத்தினால் கூட்டுத்தொகை 84 ஆகிவிடும்; கடைசி இலக்கம் 4. இயந்திரம் உடனே பிடித்துவிடும். எந்த ஓர் இலக்கத்தை மாற்றினாலும் இப்படி மாட்டிக்கொள்ளும்.

கணக்குத் தெரிந்த திருடன் அந்த 7ஐயும் மாற்றிவிடலாமே? அதற்காகத்தான் இ-பாஸ்போர்ட்டில் சிப் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எல்லாம் அதில் பதிந்திருக்கும். கூடவே அரசின் மின்கையொப்பமும் உண்டு. ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. அந்தச் சிப்பைத் திறக்கும் சாவியைக்கூட இயந்திரம் அதே இரண்டு வரிகளிலிருந்துதான் எடுக்கிறது: பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி.

வீட்டில் பாஸ்போர்ட் இருந்தால் அம்மா அப்பாவிடம் கேட்டு வாங்கி, இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆனால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள்.