உறைந்தால்தான் உயிர்பெறும் களம்

சொத்து உறைந்துபோனால் பயனில்லை என்பது வங்கித் தொழிலில் நாங்கள் கற்ற பாடம். அதற்கு நேர்மாறாக, களம் உறைந்த பிறகே இயங்கத் தொடங்கும் ஓர் அமைப்பு நம் நாட்டில் உண்டு. லே நகரிலுள்ள லடாக் குளிர்கால விளையாட்டுச் சங்கமே அது. அங்கு ஆடப்படுவது ஐஸ் ஹாக்கி. அதன் பழைய களம் நகரின் கர்சூ குளம்.

இவ்வாட்டத்தைக் கண்டிராத வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பந்துக்கு மாற்றாக மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிமனும் கொண்ட கெட்டியான ரப்பர் வில்லை. கோல்காவலர் உட்பட அணிக்கு அறுவர். அடியில் எஃகுத் தகடு பொருத்திய காலணியணிந்து பனிக்கட்டியின்மீது சறுக்கியபடியே ஆட வேண்டும்.

ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேக்கு இவ்வாட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் அங்கு நிலைகொண்டிருந்த இராணுவ வீரர்கள். உள்ளூர் இளைஞர்கள் முதலில் வேடிக்கை பார்த்தனர். பிறகு தாமும் இறங்கினர். கடையில் வாங்கக் கிடைக்காத சறுக்குக் காலணியை, இராணுவப் பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்தித் தாமே செய்துகொண்டனர். கிரிக்கெட் காலுறைகளே கோல்காவலருக்குக் கவசமாயின. இந்த ஆர்வத்தை ஒழுங்குபடுத்தவே 1980களில் சங்கம் உருவாயிற்று. 1989இல் இந்தியா பன்னாட்டு ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் உறுப்பு நாடானது. ஆனால் இந்திய ஆடவர் அணி முதல் பன்னாட்டுப் போட்டியில் களமிறங்கியது 2009இல், அபுதாபியில்தான்.

இருபது ஆண்டுக் காத்திருப்பு ஏன்? விடை களத்தில் இருக்கிறது. இயற்கைப் பனிக்கட்டி ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மாதங்களே நிற்கும். இரவில் நீரூற்றி, விடியுமுன் உறையச் செய்து, காலையில் துடைத்துச் சமன்செய்ய வேண்டும். வெயில் ஏறினால் பரப்பு இளகிவிடும். இதற்குத் தேவை மனித உழைப்பு, மின்கட்டணம் இல்லை.

வணிகவியல் பயின்றவனுக்கு இங்கே மூலதனச் செலவும் நடப்புச் செலவும் நினைவுக்கு வராமல் போகாது. 2011ஆம் ஆண்டின் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் பெருஞ்செலவில் உள்ளரங்கப் பனிக்களம் கட்டப்பட்டது. போட்டி முடிந்தபின், அதனைக் குளிரூட்டிப் பராமரிக்கும் செலவைத் தாங்குவாரின்றிப் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்து, அண்மையில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. கட்டுவதற்குக் கடன் கேட்டு வருவோரிடம், நடத்துவதற்கு என்ன வழி என்று நாங்கள் கேட்பதன் பொருள் இதுவே.

பெண்களுக்கு அந்த இரண்டு மாதங்களும் முழுதாய்க் கிடைக்கவில்லை. ஆடவர் ஆடி முடித்த பின்னரே அவர்கள் முறை வந்தது. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வர வேண்டிய காலணிகளையும் கவசங்களையும் தமக்குள் மாற்றி அணிந்தனர். பின்னர் தமக்கென லடாக் மகளிர் ஐஸ் ஹாக்கி அறக்கட்டளையை நிறுவிக்கொண்டனர். கோல்காவலர் நூர் ஜஹான் தொழிலால் பழைய ஓவியங்களைச் சீரமைப்பவர்.

பெரும்பாலும் லடாக்கியரைக் கொண்ட இந்திய மகளிர் அணி 2016இல் தைபேயில் முதன்முறையாக ஆசியப் போட்டியில் ஆடியது, வெற்றி கிட்டவில்லை. மறு ஆண்டு பாங்காக் செல்லப் பணமில்லாதபோது, இணையத்தில் பொதுமக்களிடம் நன்கொடை கோரினர். முகமறியாத பலர் அனுப்பிய சிறு தொகைகள் சேர்ந்து பயணத்துக்கு உதவின. ஈடோ பிணையோ இன்றித் திரண்ட நிதி அது. அந்தப் பயணத்தில்தான் பிலிப்பைன்ஸை 4–3 என வென்று தம் முதல் பன்னாட்டு வெற்றியைப் பெற்றனர். 2018 ஜனவரியில் கனடாவின் ஒலிம்பிக் தங்க வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர் லேக்கே வந்து பயிற்சியளித்தார்.

பனிக்காலம் சுருங்கி வருவதாக லடாக் ஆட்டக்காரர்கள் இன்று கவலையோடு கூறுகின்றனர். குளம் தாமதமாக உறைந்து விரைவில் உருகினால் பயிற்சி நாட்கள் குறையும். ஆண்டு முழுதும் உள்ளரங்கில் பயிலும் நாடுகளோடு இடைவெளி கூடும். இந்நிலையிலும் 2025 ஜூனில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வென்றது. போட்டி நடந்த இடம் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன். வெளியே பாலைவனத்தின் கோடை வெயில்.